ரேஷன் கார்டு இல்லாத பையன்

எல்லோருக்கும் வணக்கம். மைக் பின்வரிசை வரைக்கும் கேட்கிறதா? சரி, ஆரம்பித்துவிடலாம்.

1970-களில் மேற்கு ஜெர்மனியில் 'டல்லி டல்லி' என்று ஒரு டிவி நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை, சாயங்காலம் ஏழரை மணி. 'சீக்கிரம், சீக்கிரம்' என்று அர்த்தம். நடத்தியவர் ஹன்ஸ் ரோசென்தால். ஒரு சுற்றை யாராவது பிரமாதமாக விளையாடிவிட்டால், 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்கிற மாதிரி அரங்கத்தைப் பார்த்துக் கேட்பார். 'பிரமாதம்!' என்று கூட்டம் கத்தும். உடனே ஒரு துள்ளு துள்ளுவார். திரையில் அவர் அந்தரத்திலேயே ஒரு நொடி நிற்பார். குழந்தைகள் வீட்டு சோபாவிலிருந்து அதே மாதிரி குதித்தார்களாம்.

நாடே பார்த்துப் பழகிய முகம். அதே முகம் அக்கம்பக்கத்தில் ஒருவர் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று இரண்டு வருஷம் மூன்று பெண்கள் பாடுபட்டிருக்கிறார்கள். இன்றைக்கு நான் பேச வந்தது அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி.

ஹன்ஸ் 1925-இல் பெர்லினில் பிறந்த யூதப் பையன். 1937-இல் அப்பா போய்விட்டார். 1941-இல் அம்மா. இரண்டு பேருமே நோயில் இறந்தவர்கள். மிச்சம் இருந்தது இவனும், இவனைவிட ஏழு வயது சின்னவனான தம்பி கெர்ட்டும்தான். அம்மா இறந்த அதே வருஷம் செப்டம்பரில், ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் எல்லோரும் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று ஹிட்லர் அரசின் உத்தரவு வந்தது. அடுத்த மாதமே யூதர்களை ஏற்றிக்கொண்டு பெர்லினிலிருந்து கிழக்கு நோக்கி ரயில்கள் கிளம்ப ஆரம்பித்துவிட்டன.

தம்பி அநாதை இல்லத்தில் இருந்தான். 1942 அக்டோபரில் அவன் பெயரும் பட்டியலில் வந்தது. எங்கே கொண்டுபோகிறார்கள் என்று குழந்தைகளுக்குச் சொல்வார்களா? சேர்த்துவைத்திருந்த காசில் கெர்ட் ஐம்பது தபால் அட்டை வாங்கினான். இரண்டு நாளைக்கு ஒன்று போடுகிறேன், நான் எங்கே இருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்துகொண்டே இருக்கும் என்று அண்ணனிடம் சொன்னான். பத்து வயதுப் பையனின் கணக்கு அது: ஐம்பது அட்டை, நூறு நாள். ரயில் லாட்வியா நாட்டின் ரீகா நகரத்துக்குப் போனது. அங்கே அவனைக் கொன்றுவிட்டார்கள்.

பல முறை மேடையில் சொன்ன கதைதான் இது. அந்த அட்டைகள் வரும்போது மட்டும் எனக்கு இன்னும் தொண்டை கட்டிக்கொள்கிறது. கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

ஹன்ஸ் அப்போது தகர டப்பா செய்யும் ஆலையில் கட்டாய வேலையில் இருந்தான். 1943 பிப்ரவரி 27-ஆம் தேதி, பெர்லின் ஆலைகளில் மிச்சமிருந்த யூதர்களை வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே வளைத்துப் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு மாதம் கழித்து, பதினெட்டு வயது முடியச் சில நாளே பாக்கி இருந்தபோது, இவன் காணாமல் போனான். போன இடம் லிஷ்டன்பெர்க் பகுதியில் 'திரித்துவம்' என்ற பெயருள்ள தோட்டக் காலனி. தோட்டக் காலனி என்றதும் பங்களாவெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். தொழிலாளிக் குடும்பங்கள் காய்கறி போட்டுக்கொள்ள வைத்திருந்த துண்டு துண்டு நிலம், ஒவ்வொன்றிலும் ஒரு மரக் கொட்டகை, அவ்வளவுதான். அங்கே இடா யவுக் என்ற அம்மாள் இருந்தார். சின்னதாகக் கடை வைத்திருந்தவர், கடவுள் பக்தி மிகுந்தவர், ரோசென்தால் குடும்பத்துக்குப் பழக்கமானவர். உள்ளே வா என்றார்.

'உள்ளே வா' என்பது ஒரு நாளோடு முடிகிற தைரியம் இல்லை. ஒளிந்திருப்பது என்றால் நமக்கு உடனே பூட்ஸ் சத்தமும், கதவைத் தட்டுகிற போலீஸும்தான் நினைவுக்கு வரும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் தினமும் மூன்று வேளை வருகிற பிரச்சினை வேறு: வயிறு. போர்க்காலத்தில் ரொட்டி, வெண்ணெய், மாமிசம் எல்லாமே ரேஷன். தலைமறைவான பையனுக்கு ஏது கார்டு? ஆகவே அந்த அம்மாளின் ஒரு கார்டில் இரண்டு பேர் சாப்பிட வேண்டும். காலையில் ரொட்டியை வெட்டும்போது, மத்தியானம் கிழங்கை வேகவைக்கும்போது, தன் பங்கிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். மறுநாளும் அதேதான். ஒரு தடவை உயிரைப் பணயம் வைப்பவரைக் காட்டிலும், தினம் அரைவயிறு சாப்பிடுகிறவரைத்தான் நான் பெரிய மனுஷி என்பேன். என்னோடு நீங்கள் சண்டை போடலாம்.

பெர்லினில் அப்படித் தலைமறைவானவர்கள் ஏறக்குறைய 7,000 பேர். தங்களை 'நீர்மூழ்கிகள்' என்று சொல்லிக்கொண்டார்கள். போர் முடிந்தபோது அந்த நகரத்தில் உயிரோடு வெளியே வந்தவர்கள் சுமார் 1,700 பேர். மற்றவர்களில் பலரைப் பிடித்துக்கொடுத்தார்கள், சிலர் குண்டுவீச்சில் செத்தார்கள். ஒளிந்திருக்கும் யூதர்களைத் தேடிப் பிடிக்க, ரகசியப் போலீஸ் யூதர்களையே மிரட்டி வேலைக்கு வைத்திருந்தது.

குண்டுவீச்சு என்றேன் இல்லையா? அதில் ஒரு விசித்திரம். சைரன் ஊதினால் அக்கம்பக்கத்தார் எல்லோரும் பதுங்குமிடத்துக்கு ஓடுவார்கள். இவன் அங்கே போக முடியாது, பார்த்துவிடுவார்கள். அதனால் ஊர் அடங்கிய பிறகு கொட்டகையை விட்டுத் தோட்டத்துக்கு வருவான். பகலெல்லாம் இருமலைக்கூட அடக்கிக்கொண்டிருந்தவனுக்கு, தலைக்கு மேல் விமானம் பறக்கிற நேரம்தான் வெளிக்காற்று.

அப்புறம் ரேடியோ. யூதர்களிடமிருந்து ரேடியோப் பெட்டிகளை 1939-இலேயே பிடுங்கிவிட்டார்கள். வெளிநாட்டு நிலையம் கேட்பது யாராக இருந்தாலும் குற்றம். ஆனாலும் இவன் பிபிசி கேட்டான். அதே காலனியில் இருந்த எம்மா ஹார்ன்ட் என்ற பெண் செய்தித்தாள் கொண்டுவந்து கொடுப்பார். உயிர் பிழைத்தால் ரேடியோவில்தான் வேலை என்று அந்தக் கொட்டகையிலேயே முடிவு செய்துகொண்டான்.

1944-இல் யவுக் அம்மாள் நோயில் இறந்துபோனார். யோசித்துப் பாருங்கள். அவர் போனால் அவருடைய ரேஷன் கார்டும் போயிற்று. இருக்க இடமும் இல்லை. அழுவதற்குக்கூட அவகாசம் இருந்திருக்காது. காலனியில் மரியா ஷோனபெக் என்று இன்னொருவர் இருந்தார். காட்டிக்கொடுப்பாரா மாட்டாரா என்று தெரியாமலே அவரிடம் போய் நின்றான். அவரும் சேர்த்துக்கொண்டார்.

1945 ஏப்ரல் கடைசியில் சோவியத் படை வந்தது. இனிமேல் என்ன பயம் என்று மஞ்சள் நட்சத்திரத்தை எடுத்துக் குத்திக்கொண்டு வெளியே ஓடினான். சிப்பாய்கள் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்கள்! போலந்தில் இருந்த மைதானக் வதைமுகாமை மீட்டபோது, தப்பிப்பதற்காக அங்கிருந்த எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் காவலர்கள் இதே நட்சத்திரத்தை மாட்டிக்கொண்டதைப் பார்த்தவர்கள் அவர்கள். நல்லவேளை, அங்கே ஓர் அதிகாரி யூதர். நீ யூதன் என்றால் நம் பிரார்த்தனையைச் சொல் என்றார். 'ஷெமா யிஸ்ரேல்', 'இஸ்ரவேலே, கேள்' என்று தொடங்கும் அந்த வாக்கியத்தைச் சொன்னான். துப்பாக்கிகள் இறங்கின. இரண்டு வருஷம் அவனைக் கொல்லப் பார்த்த அடையாளம், விடுதலையான அன்றைக்கும் கொல்லப் பார்த்தது.

அந்த வருஷமே பெர்லின் ரேடியோவில் பயிற்சிக்குச் சேர்ந்தார். இனி 'அவர்' என்றே சொல்கிறேன், வளர்ந்துவிட்டார் இல்லையா? நாட்டை விட்டுப் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணம் அந்த மூன்று பெண்கள்தான்.

முடிப்பதற்கு முன் 1978-க்கு வருகிறேன். 1938 நவம்பர் 9-ஆம் தேதி இரவு ஜெர்மனி முழுக்க யூத ஆலயங்களுக்குத் தீ வைத்தார்கள். அதன் நாற்பதாவது ஆண்டு நினைவு நாள் ஒரு வியாழக்கிழமை. அன்றைக்குத்தான் 'டல்லி டல்லி'யின் 75-ஆவது நிகழ்ச்சி. கொலோன் நகர யூத ஆலயத்தில் நாட்டின் பிரதமர் ஹெல்முட் ஷ்மிட் பேசுகிறார், ரோசென்தாலுக்கும் அழைப்பு. தேதியை மாற்றுங்கள் என்று தொலைக்காட்சியாரிடம் கேட்டுப் பார்த்தார். முடியாது என்றுவிட்டார்கள்.

கறுப்பு கோட்டு போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தார். வழக்கமான ஜனரஞ்சகப் பாட்டுகளை எடுத்துவிட்டு ஓப்பரா இசையை வைக்கச் சொன்னார். போட்டியை நடத்தினார்.