காற்றடித்தால் ஏறும் வோல்டேஜ்

வணக்கம். கல்லல், தேவகோட்டைப் பக்கம் லைன் கடைசியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு லோ வோல்டேஜ் புதிதில்லை. மோட்டார் உறுமும், ஓடாது. ஆரல்வாய்மொழி, கயத்தாறு பக்கம் காற்றுக் காலத்தில் கதை தலைகீழ்: லைன் கடைசியில் வோல்டேஜ் ஏறிவிடும். இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான்.

துணை மின்நிலையத்திலிருந்து 11 கிலோவோல்ட் பீடர், அதாவது ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன் ஒன்று, 10 கிலோமீட்டர் ஓடுவதாக வையுங்கள். நம்மூர்களில் பார்க்கும் ராபிட் என்ற ரகக் கம்பிக்கு, கிலோமீட்டருக்கு மின்தடை சுமார் 0.55 ஓம், ரியாக்டன்ஸ் (கம்பியைச் சுற்றிய காந்தப்புலம் தரும் எதிர்ப்பு) சுமார் 0.35 ஓம். கடைசியில் 1,000 கிலோவாட் பம்புகள், பவர் ஃபேக்டர் (இழுக்கும் மொத்தத்தில் வேலை செய்யும் பங்கு) 0.8. லைனில் 740 வோல்ட் போய்விடும். 230 வர வேண்டிய வீட்டில் 215. தெருக் கம்பியில் போவது தனி.

இப்போது பம்புகளை நிறுத்துங்கள். அதே இடத்தில் 250 கிலோவாட் பழைய காற்றாலைகள் நான்கு முழு வேகத்தில் சுற்றட்டும். மின்சாரம் எதிர்த்திசையில் ஓடுகிறது; 500 வோல்ட் ஏறுகிறது. அவற்றில் உள்ள இண்டக்ஷன் ஜெனரேட்டர்கள் தம் காந்தப்புலத்துக்காக 400 கிலோவார் ரியாக்டிவ் பவர் (வேலை செய்யாமல் வந்து போகும் மின்சக்தி) இழுத்தால் அதில் 130 வோல்ட் குறையும். மீதி ஏற்றத்தில் வீட்டுக்கு 238. பம்புக்காக மின்நிலையத்தில் ஏற்கெனவே 3 சதம் உயர்த்தி வைத்திருந்தால் 245. அனுமதி 6 சதம் ஏற்ற இறக்கம், அதாவது 216 முதல் 244 வரை.

மின்நிலையத்துப் பெரிய மின்மாற்றியில், ஓட்டத்திலேயே மாறும் டேப் சேஞ்சர், சுருளின் சுற்றுகளைக் கூட்டிக் குறைத்து, வோல்டேஜைப் பெரும்பாலும் படிக்கு 1.25 சதம் மாற்றும். ஆனால் அது பார்ப்பது தன் வாசலில் உள்ள வோல்டேஜை மட்டும், லைன் கடைசியை அல்ல. ஒரே மின்மாற்றியில் பம்பு பீடரும் காற்றாலை பீடரும் இருந்தால், ஒன்றுக்கு ஏற்றினால் மற்றது எல்லை தாண்டும். எதற்கும் டேப்பையே நம்புவது சரியில்லை என்பது என் கருத்து. காற்றாலைக்குத் தனி 33 கிலோவோல்ட் லைன் போடுவதுதான் மருந்து. வோல்டேஜ் மூன்று மடங்கானால், அதே கம்பி, அதே மின்சக்திக்கு ஏற்ற இறக்கச் சதவீதம் ஒன்பதில் ஒன்று.

புதிய காற்றாலைகள் ரியாக்டிவ் பவரைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். பலர் இதையே முழுத் தீர்வாகச் சொல்வார்கள். மெல்லிய கிராமத்து லைனில் மின்தடைதான் அதிகம் என்பதால் பலன் குறைவு. 400 கிலோவாருக்கு 130 வோல்ட்தானே குறைந்தது?

பழைய காற்றாலைக்கு, ரியாக்டிவ் பவரை அங்கேயே கொடுக்கும் கெபாசிட்டர் வேண்டும், அளவு மீறக்கூடாது. வெறுமனே சுற்றும்போது அது இழுக்கும் ரியாக்டிவ் பவரைத் தாண்டிக் கெபாசிட்டர் இருந்து, காற்றடிக்கும்போது பீடர் டிரிப் ஆனால், இயந்திரம் கெபாசிட்டரின் துணையில் லைன் இல்லாமலேயே தானே மின்சாரம் உண்டாக்கி வோல்டேஜை எகிறச் செய்யும். அந்தத் துண்டு லைனில் மாட்டிய வீடுகளில் டிவி, ஃபிரிட்ஜ் போகும்.

நம் பம்புக்கு வருவோம். வோல்டேஜ் 20 சதம் குறைந்தால் மோட்டாரின் திருப்புவிசை 64 சதம்தான். கரண்ட் ஏறி வைண்டிங் கருகும். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2 கிலோவார் கெபாசிட்டர் போதும். ஸ்டார்ட்டருக்குப் பின்னால், மோட்டார் பக்கம் கட்டுங்கள். லைன் பக்கம் கட்டினால் பம்பு நின்ற பிறகும் அது லைனிலேயே இருந்து, இரவில் வோல்டேஜை ஏற்றும்.

காற்றாலை இல்லாத செட்டிநாட்டிலும் இந்த ஏற்றம் வந்துவிட்டது, மொட்டைமாடி சோலார் வழியாக. உச்சிவெயிலில் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்றால், அது தானே நின்றுகொள்ளும் எல்லையான 253 வோல்ட்டைத் தாண்டியிருக்கலாம். வெயில் நேரத்தில் மீட்டரிலும் இன்வெர்ட்டரிலும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு வோல்ட் வித்தியாசம் என்றால் உங்கள் வீட்டு வயர் மெலிது. அந்த நீளமான முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு வீடுகளில் இது சகஜம். பருமனான வயர் போடுங்கள். மீட்டரிலேயே 250 காட்டினால் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மூன்று ஃபேஸிலும் சுமை சமமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள், டேப் உள்ள மின்மாற்றியானால் சப்ளையை நிறுத்தி ஒரு படி இறக்குவார்கள். இன்வெர்ட்டரின் எல்லையை 265க்கு ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அந்த வோல்டேஜ் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துத்தான் போகும்.