ஜூன் மாதச் சூரியனும் ஆர்க்டிக் கடற்பனியும்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஜூன் 21ஆம் நாளை ஒட்டிய சில வாரங்களில், வளிமண்டலத்தின் மேல்விளிம்பில் வைத்து அளந்தால், பூமியிலேயே ஒரு நாளில் மிக அதிகமான சூரிய ஆற்றல் வந்து சேரும் இடம் வட துருவம்தான். சூரியன் அங்கே அடிவானத்திலிருந்து 23 பாகைக்குச் சற்று மேலே மட்டுமே நின்றாலும், இருபத்துநான்கு மணி நேரமும் மறையாமல் சுற்றிவருவதால், அந்த நாளில் நிலநடுக்கோட்டுக்குக் கிடைப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றல் அங்கே வந்து சேர்கிறது. இத்தனை வெளிச்சத்தின் கீழும் ஒரு பெருங்கடல் உறைந்தே கிடப்பது எப்படி? நாளேடுகளில் நாம் படிக்கும், ஆண்டிலேயே மிகக் குறைந்த அளவான செப்டம்பர் மாதக் கடற்பனிப் பரப்பளவு, பெருமளவுக்கு மே, ஜூன் மாதங்களில் பனியின் மேற்பரப்பில் நடப்பவற்றின் விளைவு என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

விழும் ஒளியில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்பதே ஒரு பரப்பின் எதிரொளிப்புத் திறன். புதிய, உலர்ந்த பனித்தூவி மூடிய கடற்பனி 100 பங்கில் 80 முதல் 90 பங்கு வரை திருப்பி அனுப்பிவிடுகிறது. தூவி கரைந்து வெறுமையான பனிக்கட்டி ஏறக்குறைய 65 பங்கை அனுப்புகிறது. திறந்த கடல்நீர் அனுப்புவதோ 7 பங்குதான். அதாவது, பனித்தூவி மூடிய கட்டி விலகித் தண்ணீர் தெரியும் இடத்தில், உள்ளே செல்லும் வெப்பம் ஏறத்தாழ ஆறு மடங்காகிவிடுகிறது. அந்த வெப்பம் அருகிலுள்ள கட்டியை உருக்குகிறது. உருகியதால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் திறக்கிறது. அதன் வழியே இன்னும் வெப்பம் நுழைகிறது. இந்தச் சுழற்சியை 1969இல் லெனின்கிராடில் பணியாற்றிய காலநிலை அறிஞர் மிகயீல் புதீக்கோவும் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸும் தனித்தனியே கணக்கில் கொண்டுவந்தார்கள்.

பனிக்கட்டி ஏன் வெண்மையாக இருக்கிறது என்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. தூய பனிக்கட்டிக்கென்று வெண்மை கிடையாது. அது ஒளி புகக்கூடிய பொருள். கண்ணாடிச் சில்லை இடித்தால் வெள்ளைப் பொடியாகிவிடுவதைப் போல, ஒளி எண்ணற்ற சிறு பரப்புகளில் பட்டுச் சிதறுவதாலேயே வெண்மை பிறக்கிறது. கடல்நீர் உறையும்போது உப்பு முழுவதும் வெளியேறிவிடுவதில்லை. நுண்ணிய அறைகளில் உவர்நீராகச் சிறைப்படுகிறது, காற்றுக்குமிழிகளும் உடன் தங்குகின்றன. கோடையில் மேற்பரப்பு உருகி, அந்த உவர்நீர் கீழே வடிந்தபின், சில சென்டிமீட்டர் தடிப்புக்கு மணல்மணலான வெள்ளை அடுக்கு ஒன்று மீதமாகிறது. ஒளியைத் திருப்பி அனுப்புவதில் பெரும் பங்கு இந்த மெல்லிய அடுக்குக்கே உரியது. 2019 அக்டோபர் முதல் ஓராண்டு போலார்ஷ்டெர்ன் கப்பலை மையமாக வைத்து நடந்த மொசைக் ஆய்வுப் பயணத்தில், இந்த அடுக்கைச் சுரண்டி நீக்கியபோது எதிரொளிப்பு வெகுவாகக் குறைந்ததையும், வெயில் பட்டுப் புதிய அடுக்கு தானாகவே விரைவில் உருவானதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். உருகிக்கொண்டே தன் வெண்மையைப் புதுப்பித்துக்கொள்ளும் இந்த இயல்பு இல்லையென்றால், கோடை முழுவதும் கட்டி தாக்குப்பிடிப்பது கடினம்.

ஆனால் தண்ணீர் வடியாமல் தேங்கும் இடத்தில் கதை வேறு. அங்கே உருகுநீர்க் குட்டைகள் தோன்றுகின்றன. தொடக்கத்தில் வெளிர்நீலமாகத் தெரியும் இக்குட்டைகள், அடியிலுள்ள கட்டி மெலிய மெலியக் கருநீலமாகின்றன. அவற்றின் எதிரொளிப்பு 40 பங்கிலிருந்து 20க்கும் அதற்குக் கீழும் இறங்குகிறது. பல ஆண்டு பழைய கட்டி மேடுபள்ளமானது. அதில் குட்டைகள் ஆழமாக இருந்தாலும் பரப்பில் சிறியவை. ஒரே குளிர்காலத்தில் உறைந்த இளங்கட்டி சமதளமானது. அதன்மேல் ஆழமற்ற நீர் விரிந்து பரவி, சில வேளைகளில் பாதிப் பரப்புக்கு மேலும் மூடிவிடுகிறது. ஆர்க்டிக்கில் பழைய கட்டி குறைந்து இளங்கட்டி பெருகிவிட்டது என்பது இங்கேதான் கவலைக்குரியதாகிறது. கட்டியின் பரப்பளவு குறையாத ஜூன் மாதத்திலும் அது வாங்கும் வெப்பம் கூடிவிடும்.

1997 அக்டோபரில் தொடங்கி ஓராண்டு, கனடாவின் தே குரோசெயே என்ற பனியுடைப்புக் கப்பலை, அலாஸ்காவுக்கு வடக்கேயுள்ள போபோர்ட் கடலில் வேண்டுமென்றே உறையவிட்டு, அதைச் சுற்றி ஷீபா என்னும் ஆய்வு நடந்தது. அதில் டொனால்ட் பெரோவிச்சும் அவருடைய குழுவினரும் பனியின்மேல் 200 மீட்டர் நீளக் கோடு ஒன்றை வகுத்து, வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை அதே கோட்டில் மீண்டும் மீண்டும் எதிரொளிப்பை அளந்தார்கள். மே இறுதியில் பெய்த மழையோடு உருகுகாலம் தொடங்கியது. 80 பங்குக்கு மேலிருந்த சராசரி, கோடையின் நடுவில் ஏறக்குறைய 40 ஆகச் சரிந்தது. இத்தகைய அளவீடுகளை வைத்துக் கணக்கிட்டபோது, உருகுதல் ஒரு நாள் முன்னதாகத் தொடங்கினால் கூடும் வெப்பம், உறைதல் ஒரு நாள் தள்ளிப்போனால் கூடுவதைவிடப் பல மடங்கு என்பது தெளிவாயிற்று. காரணம் எளிது. ஜூனில் சூரியன் உச்சத்தில் இருக்கிறது; செப்டம்பர் மூன்றாம் வாரம் கடந்தால் துருவத்தில் அது மறைந்தே விடுகிறது. கோடைக் காற்றும் மேகமும் தம் பங்குக்கு விளைவை மாற்றக்கூடியவைதான். ஆயினும் வசந்தத்தில் உள்ளே போன வெப்பம் கடலில் கணக்கு வைத்துக் காத்திருக்கிறது.

அது எப்படிக் காத்திருக்கும் என்பதை 2007ஆம் ஆண்டு காட்டியது. அந்தக் கோடையில் போபோர்ட் கடலில் மிதவைக் கருவி ஒன்று, கட்டி அடிப்பக்கத்திலிருந்து மட்டும் 2 மீட்டருக்கு மேல் உருகியதைப் பதிவு செய்தது. 1990களில் கண்ட அளவைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு.  திறந்த நீரிடைவெளிகள் வழியே நுழைந்த சூரிய வெப்பமே அதற்குப் போதுமானதாக இருந்தது என்று பெரோவிச் குழுவினர் கணக்கிட்டார்கள்.

இந்த விளைவு உலக அளவில் எவ்வளவு பெரியது? சென்னையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்திரன் ராமநாதன், கிறிஸ்டினா பிஸ்டோன், இயன் ஐசன்மன் ஆகிய மூவரும் 2014இல் செயற்கைக்கோள் அளவீடுகளிலிருந்தே இதற்கு விடை கண்டார்கள். 1979க்கும் 2011க்கும் இடையில், மேகங்களையும் சேர்த்துப் பார்த்தால், ஆர்க்டிக் பகுதியின் எதிரொளிப்பு 52 பங்கிலிருந்து 48 ஆகக் குறைந்திருந்தது. நான்கு பங்குதானே என்று தோன்றலாம். அதனால் கூடிய வெப்பத்தை உலகம் முழுவதற்கும் பகிர்ந்து பார்த்தால், அதே காலத்தில் கூடிய கரியமில வாயு உண்டாக்கிய வெப்பத்தில் கால் பங்குக்குச் சமம். என் பார்வையில், இத்துறையில் அடிக்கடி எடுத்துச்சொல்ல வேண்டிய எண் இது.

மெலிந்த கட்டி ஒளியைக் கீழேயும் விடுகிறது. குட்டை தேங்கிய கட்டிக்கு அடியில் சேரும் வெளிச்சம், வெண்கட்டிக்கு அடியில் சேர்வதைப் போலப் பல மடங்கு. 2011 ஜூலையில், அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் இடையேயுள்ள சுக்சி கடலில் ஹீலி என்னும் அமெரிக்கக் கப்பலிலிருந்து ஆய்ந்த கெவின் அரிகோ குழுவினர், கட்டியின் விளிம்பிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, ஏறக்குறைய ஒரு மீட்டர் தடிப்புள்ள கட்டிக்குக் கீழே, நுண்பாசி அடர்ந்து கடல்நீர் பச்சையாக மாறியிருந்ததைக் கண்டார்கள். அதுவரை, கட்டி விலகிய பிறகே அங்கே பாசி பெருகத் தொடங்கும் என்று கருதியிருந்தார்கள். ஊட்டச்சத்து முன்னதாகவே தீர்ந்துவிட்டால், திறந்த நீரில் பின்னால் வரும் பெருக்கத்தை நம்பியிருக்கும் உயிர்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி உடனே எழுகிறது. கடலின் நிறத்தைப் படிக்கும் செயற்கைக்கோள்களுக்குக் கட்டியின் அடிப்புறம் தெரியாது. ஆகையால் அந்தக் கேள்விக்கான அளவீடுகளைக் கப்பலில் சென்றும், கட்டியைத் துளைத்துக் கருவிகளை இறக்கியும், ஜூன் மாதத்திலேயே எடுக்க வேண்டியிருக்கிறது.