எலிப்பொந்து என்றொரு ஊர்: கார்ன்வால் கரையோரம் ஒரு நடை

[திரையில்: வரைபடம், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை]

வணக்கம். கடலுக்குள் கால் நீட்டியதுபோல ஒரு நிலம் தெரிகிறதா? அதுதான் கார்ன்வால். அந்தக் காலின் நுனிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன மீனவக் கிராமம். பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தால் 'மௌஸ்ஹோல்', அதாவது எலிப்பொந்து. அப்படியே சொல்லி வழி கேட்டீர்களோ, வெளியூர் ஆள் என்று உடனே தெரிந்துவிடும். ஊர்க்காரர்கள் வாயில் அது 'மௌசல்'.

இன்னொரு பெயரும் உண்டு: போர்த் எனிஸ். தீவுத்துறை என்று பொருள். துறைக்கு எதிரே கடலில் செயின்ட் கிளமென்ட் தீவு என்று ஒரு பாறைத்திட்டு கிடக்கிறது, அதனால் வந்த பெயர். இது ஆங்கிலம் இல்லை, கார்னிஷ். வெல்ஷுக்கும் பிரான்சின் பிரெத்தோனுக்கும் உறவுக்கார மொழி. அதன் கதையும் இன்றைக்கு நம்மோடு நடந்து வரும்.

[காட்சி: நியூலின் துறைமுகம், மீன்பிடிப் படகுகள்]

நடையைப் பக்கத்து ஊரான நியூலினில் தொடங்குவோம். இங்குள்ள அலைதடுப்புச் சுவரின் கோடியில் ஒரு சிறு கட்டடம். 1915 முதல் 1921 வரை இங்கே கடல்மட்டத்தை அளந்தார்கள். அந்தச் சராசரிதான் பிரிட்டன் பெருநிலத்துக்கே சுழிமட்டம். ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் சிகரம் 1,345 மீட்டர் என்று வரைபடத்தில் போட்டிருக்கிறதே, அது இந்த மட்டத்திலிருந்து எண்ணியது.

இங்கிருந்து கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே நடந்தால், வழியில் பென்லீ முனை. ஒரு பழைய படகுக் கொட்டகை, பக்கத்தில் ஒரு நினைவுத் தோட்டம். இப்போதைக்குப் பார்த்துவிட்டு நகர்வோம். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

[காட்சி: மௌசல் துறை, வளைந்த கல் சுவர்கள்]

மௌசல் துறை உள்ளங்கை அளவுதான். இரண்டு கருங்கல் சுவர்கள் கையைக் கோத்ததுபோல வளைந்து வர, நடுவே ஒரு சின்ன இடைவெளி. குளிர்காலம் வந்தால் அந்த வாசலையும் கனத்த மரத்தூலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அடைத்துவிடுகிறார்கள். நம் பக்கத்துப் பழைய கடைகளில் பலகை போட்டு அடைப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். பூட்டுவது கடையை அல்ல, கடலை.

ஊருக்குள் தூண்களின் மேல் முகப்பு நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு கல்வீடு இருக்கிறது. கெய்க்வின் குடும்பத்து வீடு. 1595 ஜூலையில் ஸ்பானியப் படை நான்கு கப்பல்களில் வந்து இறங்கி ஊரைக் கொளுத்தியது. தப்பியது இந்த ஒரு வீடு. வீட்டுக்காரர் ஜென்கின் கெய்க்வின் சண்டையில் செத்துப்போனார். மேட்டிலிருக்கும் பால் என்ற ஊரின் தேவாலயமும், நியூலினும், பென்சான்ஸும் சேர்ந்து எரிந்தன. மெர்லின் பாறையில் அன்னியர் இறங்குவார்கள், இந்த ஊர்கள் எரியும் என்று கார்னிஷில் ஒரு பழம்பாட்டு இருந்ததாம். கார்ன்வால் பற்றி எழுதிய ரிச்சர்ட் கேரூ அதைத் தன் நூலில் பதிவு செய்தது 1602இல். எல்லாம் எரிந்து ஏழு வருஷம் கழித்து அச்சுக்கு வந்த ஆரூடம்! நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

[காட்சி: மேட்டுப் பாதை, பால் தேவாலயத்தின் மதில்]

சரி, மேட்டில் ஏறுவோம். மூச்சு வாங்கும், பரவாயில்லை. தேவாலய மதிலில் ஒரு நினைவுக்கல் பதித்திருக்கிறது. டாலி பென்ட்ரீத், 1777இல் இறந்தவர், கார்னிஷ் பேசிய கடைசி ஆள் என்கிறது அது. 1860இல் இதை நிறுத்தியவர்களில் ஒருவர் நெப்போலியனின் சகோதரர் மகன், லூயி லூசியன் போனபார்ட். மொழி ஆராய்ச்சியில் பைத்தியமாக இருந்த மனிதர்.

டாலி மீன் விற்றவர். 1768இல் டெய்ன்ஸ் பேரிங்டன் என்ற வழக்கறிஞர், கார்னிஷ் பேசும் யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தார். டாலியிடம் போய், கார்னிஷில் பேசக்கூடிய ஆளே கிடையாது என்று நான் பந்தயம் கட்டியிருக்கிறேன் என்றார். வந்ததே கோபம். இரண்டு மூன்று நிமிடம் விடாமல் பொரிந்து தள்ளினார் டாலி. எதிர்வீட்டு வாசலில் இரண்டு கிழவிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "என்னைத் திட்டினாரா?" என்று பேரிங்டன் அவர்களிடம் கேட்க, நன்றாகவே திட்டினார் என்று பதில் வந்தது.

எனக்கு இந்தக் கதையில் டாலியைவிட அந்த இரண்டு கிழவிகள்தான் முக்கியம். சரளமாகப் பேச வராது, ஆனால் திட்டு புரிந்து சிரிக்கிறார்கள். அப்படியென்றால் டாலி எப்படிக் கடைசி ஆள்? 1776இல் இதே ஊர் மீனவர் வில்லியம் போடினார் பேரிங்டனுக்குக் கார்னிஷில் ஒரு கடிதமே எழுதினார். சிறுவனாகக் கடலுக்குப் போனபோது பெரியவர்களிடம் கற்றதாகவும், ஊரில் நாலைந்து பேருக்கு மேல் பேசுவதில்லை என்றும் அதில் சொல்கிறார். அவர் இறந்தது 1789இல், டாலிக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து. அவருக்கு யாரும் 'கடைசி' என்று பட்டம் கட்டவில்லை, அதனால் நடையில் வருகிறவர்கள் அவரை விட்டுவிடுகிறார்கள்.

1904இல் ஹென்றி ஜென்னர் கார்னிஷ் கையேடு ஒன்றை வெளியிட, மொழியை மீட்கும் வேலை சூடுபிடித்தது. 2010இல் யுனெஸ்கோ 'அழிந்த மொழி' என்ற முத்திரையை நீக்கியது. இன்று கார்ன்வாலின் தெருப்பலகைகளில் ஆங்கிலத்தோடு கார்னிஷையும் பார்க்கலாம்.

[காட்சி: பாறைமேட்டுப் பாதை, கீழே கடல்]

அப்புறம், நல்ல செருப்பு வேண்டிய பகுதி இது. மௌசலிலிருந்து லமோர்னா குடாவுக்கு மேட்டுப் பாதை, மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மழை பெய்திருந்தால் கல் வழுக்கும். வழியில் கெமியல் கிரீஸ் தோப்பு. முன்பு சரிவில் பாத்தி பாத்தியாக உருளைக்கிழங்கும் பூக்களும் பயிரிட்டார்கள். கடல்காற்றைத் தடுக்க வேலிபோல நட்ட மரங்கள் மட்டும் இன்று காடாகி நிற்கின்றன. லமோர்னா தாண்டி உள்ளே போனால், வட்டமாக நிற்கும் 19 கற்கள். ஞாயிற்றுக்கிழமையில் நடனமாடியதால் கல்லாகிவிட்ட பெண்கள் என்பது கதை.

[காட்சி: டேட்டர் டூ கலங்கரை விளக்கம், மாலை]

கரையோரம் மேற்கே டேட்டர் டூ கலங்கரை விளக்கம். 1981 டிசம்பர் 19 இரவு, யூனியன் ஸ்டார் என்ற சரக்குக் கப்பல் எஞ்சின் நின்றுபோய், சூறாவளியில் இந்தப் பக்கம் அடித்துவரப்பட்டது. அதன் முதல் பயணம் அது. உள்ளே எட்டுப் பேர், தலைவரின் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் உட்பட. ஹெலிகாப்டரால் ஒருவரையும் தூக்க முடியவில்லை. காலையில் பார்த்தோமே, பென்லீ முனைக் கொட்டகை, அங்கிருந்து சாலமன் பிரவுன் என்ற மர உயிர்காப்புப் படகு கிளம்பியது. மௌசல்காரர்கள் எட்டுப் பேர், எல்லோரும் தன்னார்வலர்கள். கூட வர நின்ற ஓர் இளைஞரைப் படகுத் தலைவர் ஏற்றவில்லை. அவருடைய அப்பா ஏற்கெனவே படகில் இருந்தார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வேண்டாம்.

நாலு பேரை ஏற்றிவிட்டோம் என்று வானொலியில் ஒரு குரல் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. இரண்டு கலங்களிலும் இருந்த 16 பேரும் போய்விட்டார்கள். ஒரே நாளில் அடுத்த படகுக்குப் போதுமான ஆட்கள் பெயர் கொடுத்தார்கள். ஏற்றாமல் விட்ட அந்த இளைஞர் பின்னாளில் பென்லீ படகின் தலைவரானார்.

[காட்சி: துறையில் வண்ண விளக்குகள், பிறகு இருள்]

1963 முதல் கிறிஸ்துமஸுக்கு மௌசல் துறை முழுக்க விளக்குகள் கட்டுகிறார்கள். டிசம்பர் 19 அன்று மட்டும் இரவு 8 மணிக்கு விளக்குகள் அணையும். 9 மணிக்குத் திரும்ப எரியும்.

நாலு நாள் கழித்து 23ஆம் தேதி, டாம் பாவ்காக் இரவு. புயலில் படகு இறங்காமல் ஊர் பட்டினி கிடந்தபோது டாம் என்ற மீனவர் தனியாகப் போய் ஏழு வகை மீன் கொண்டுவந்தாராம். அதற்காகத் துறையோரச் சாராயக்கடையில் 'பை' (pie) என்ற மாவுப் பண்டம் சுடுகிறார்கள். மாவு மூடிக்குள் சாளை இனத்து மீன்கள், தலைகள் மட்டும் வெளியே நீட்டி வானத்தைப் பார்த்தபடி. பெயரே 'ஸ்டார்கேஸி', நட்சத்திரம் பார்ப்பது. பார்க்கக் கொஞ்சம் திடுக்கென்றுதான் இருக்கும். தலையிலிருக்கும் எண்ணெய் உள்ளே வழிந்து இறங்கத்தான் அப்படி வைக்கிறார்களாம். கூட்டம் தெருவை அடைத்துவிடும், சாயங்காலமே போய்விடுங்கள்.