இணையம் வந்தபின் ஆய்வு நூலகத்தின் தேவை கூடியதே!

நடுவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, ஆய்வு மாணவர்களே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இணையம் வந்தபின் ஆய்வு நூலகத்தின் தேவை குறைந்ததா, கூடியதா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி தெளிவாகவே வாதிட்டார். கட்டுரை வேண்டுமா, கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடல் தளமான கூகுள் ஸ்காலரில் தேடலாம். அங்கே பூட்டியிருந்தால், அரசே பணம் கட்டி ஆய்விதழ்களைப் படிக்கத் தரும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் திறந்துவிடும். பிறகு நூலகம் எதற்கு, நூலகர் எதற்கு என்று கேட்டார்.

அவர் சொன்னதில் பாதியை மனமார ஏற்கிறேன். 1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸில் தொடங்கிய ஆர்க்சைவ் என்ற இணையக் களஞ்சியம், இயற்பியல் கட்டுரைகளை இதழில் வருவதற்கு முன்பே உலகத்துக்குக் கொடுத்தது. 2020 ஜனவரியில் கொரோனா வைரஸின் மரபணு வரிசை இணையத்தில் வெளியானதும் தடுப்பூசி வடிவமைப்பு தொடங்கிவிட்டது. இதெல்லாம் பெரிய நன்மை, மறுக்கவே மாட்டேன். ஆனால் கட்டுரை கைக்கு வருவதோடு வேலை முடிந்துவிடுகிறதா? அது யார் எழுதியது, நம்பத்தக்கதா, இன்னும் செல்லுபடியாகிறதா, பத்து ஆண்டு கழித்துத் தேடினாலும் கிடைக்குமா? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும் பொறுப்பை இணையம் ஏற்கவில்லை. அது நூலகத்தின் மேசையில் வந்து குவிந்திருக்கிறது.

முதலில் அந்தச் சந்தாவையே பார்ப்போம். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டம். மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். நல்ல திட்டம்தான். முதல் கட்டத்தில் அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. தமிழ்நாட்டில் இத்தனை சுயநிதிக் கல்லூரிகள் இருக்கின்றனவே, அங்கே ஆய்வு செய்யும் பிள்ளைகள் அதற்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

உள்ளே இருப்பவர்களுக்கும் ஒரு சங்கதி உண்டு. அச்சுக் காலத்தில் ஓர் இதழுக்குப் பணம் கட்டினால் இதழ் அலமாரிக்கு வந்தது. அடுத்த ஆண்டு சந்தாவை நிறுத்தினாலும், பைண்டு செய்து வைத்த பழைய தொகுதிகளை யாரும் வந்து எடுத்துப் போகவில்லை. மின்னிதழில் நாம் வாங்குவது பெரும்பாலும் உரிமம் மட்டுமே. சந்தா நின்றபின், ஏற்கெனவே பணம் கட்டிய ஆண்டுகளையாவது படிக்கலாமா என்பது ஒப்பந்தத்தில் உள்ள ஒரு பிரிவைப் பொறுத்தது. அந்தப் பிரிவு இருந்தாலும் போதாது. எந்த இதழ், எந்தத் தொகுதியிலிருந்து எதுவரை, எந்த ரசீது என்ற பட்டியல் நம்மிடம் இருக்க வேண்டும். ஏனென்றால் இதழ்கள் கைமாறுகின்றன. ஒரு பதிப்பகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பழைய தொகுதிகளும் புதிய தளத்துக்கு இடம்பெயரும். நாம் பணம் கட்டிய விவரம் கூடவே போகாமல் விடுபட்டுவிடுவது உண்டு. ஒரு நாள் காலையில் 2009ஆம் ஆண்டுத் தொகுதி பூட்டியிருக்கும். அப்போது பழைய ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டி வாதாடுவது யார்? கூகுளா?

இலவசமாகக் கிடைப்பதற்கும் இந்த ஆபத்து உண்டு. 2000 முதல் 2019 வரை 176 திறந்த அணுக்க இதழ்கள், எங்கும் முறையான சேமிப்பு இல்லாமல், இணையத்திலிருந்தே மறைந்துபோனதை ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டினார்கள். இதற்கு மாற்று கண்டவர்களும் நூலகத்தார்தான். ஸ்டான்ஃபோர்டு நூலகத்தில் 1999இல் பிறந்த லாக்ஸ் முறையில், ஒரே இதழின் பிரதிகளைப் பல நூலகங்கள் தத்தம் கணினியில் வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சிதைந்த பிரதியைச் சரிசெய்துகொள்கின்றன.

அடுத்து, தேடல். “தேடினால் கிடைக்கும்” என்றார் தோழி. தமிழருக்கு எப்படிக் கிடைக்கிறது என்று அருகில் போய்ப் பார்ப்போம். மு. கண்ணன் என்று ஓர் ஆய்வாளர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மு என்பது அப்பா முருகேசன். முதல் கட்டுரையில் எம். கண்ணன் என்று போடுகிறார். வெளிநாட்டு இதழின் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகர மறுக்கிறது. கண்ணன் முருகேசன் என்று நிரப்புகிறார். யார் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார் என்று கணக்கு வைக்கும் மேற்கோள் தளம் முருகேசனையே ஆசிரியராக்கி, ‘முருகேசன், கே.’ என்று பதிகிறது. மகன் செய்த ஆய்வு அப்பா பேரில் நிற்கிறது! இன்னொரு பக்கம், நாட்டிலுள்ள அத்தனை எம். கண்ணன்களும் ஒரே ஆளாகச் சேர்ந்துவிடுகிறார்கள். 2012 அக்டோபரில் வந்த ஆர்சிட் என்ற 16 இலக்க அடையாள எண் இதற்குத் தீர்வு. ஆனால் எண் வாங்கினால் மட்டும் ஆகாது. பழைய கட்டுரைகளை ஒவ்வொன்றாக அதில் சேர்க்க வேண்டும், மேற்கோள் தளங்களில் பிரிந்து கிடக்கும் பக்கங்களை இணைக்க விண்ணப்பிக்க வேண்டும், அடுத்த கட்டுரையை அனுப்பும்போதே அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும். பணி உயர்வு நேரத்தில் ஓடி வருகிற ஆசிரியர்களுக்கு இதைச் செய்து கொடுப்பவர் நூலகர்.

தமிழில் எழுதிய ஆய்வேடுகளின் நிலை இன்னும் வருத்தமானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறை முதலே முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவில் தரப்பட வேண்டும். காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் அவற்றை ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் வைக்கிறது. ஏடு பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகியிருந்தால், திரையில் தமிழ் அழகாகத் தெரியும். கோப்பின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குவியல். ‘புறநானூறு’ என்று இன்றைய பொதுக் குறியீடான ஒருங்குறியில் (யூனிகோடில்) தேடினால், அந்த ஏட்டின் ஒரு பக்கம்கூட அகப்படாது. மானியக் குழுவின் 2018 விதிமுறை, பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரைதான் ஒப்புமையை அனுமதிக்கிறது. ஆனால் இந்த எழுத்துருவில் இருக்கும் ஏட்டிலிருந்து யாராவது பக்கம் பக்கமாக எடுத்து ஒருங்குறியில் எழுதினாலும் ஒப்புமை பார்க்கும் மென்பொருளுக்குத் தெரியாது. ஐந்து ஆண்டு உழைத்த ஆய்வு தேடுபவருக்குக் கிடைக்கவில்லை, திருடுபவருக்கு வசதியாக இருக்கிறது. எழுத்துருவை மாற்றி, மாற்றும்போது இடம் பிறழும் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் சரிபார்த்து, தலைப்பையும் சுருக்கத்தையுமாவது ஒருங்குறியில் பதிந்தால்தான் அந்த ஏடு வெளியே தெரியும். அதற்குத் தமிழ் தெரிந்த மனிதர் வேண்டும்.

நம்பகத்துக்கு வருகிறேன். இதழ் தொடங்க அச்சகம் தேவைப்பட்ட காலத்தில் போலி இதழுக்கும் செலவு இருந்தது. இன்று ஓர் இணையதளம் போதும். வாசகரிடம் வாங்கிய பணத்தை எழுதுபவரிடம் வாங்கும் முறையும் பரவியது. கட்டுரையை ஏற்றால்தான் காசு என்றால், எதையும் ஏற்கும் இதழ்கள் முளைத்தன. 2018 மே மாதத்தில் மானியக் குழு தான் ஏற்ற இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு அதே குழுவின் கேர் என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. 2025இல் அதையும் கைவிட்டு, இதழைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டுவிட்டது. இனிக் காட்டிச் சொல்லப் பட்டியல் இல்லை, நடுவர் அவர்களே. ஒவ்வொரு கல்லூரியும் தானே பார்த்தாக வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண் இருக்கிறது என்று மாணவர் காட்டுவார். அது பதிவு எண். தரச் சான்று ஆகாது. போலி இதழுக்கும் அது கிடைக்கும். ‘ஸ்கோபஸில் உள்ளோம்’ என்று, அதாவது அந்த மேற்கோள் தளத்தில் சேர்ந்திருப்பதாக, இதழின் பக்கத்தில் எழுதியிருந்தால், ஸ்கோபஸின் பட்டியலுக்கே போய்ப் பார்க்க வேண்டும். சேர்த்தபின் நிறுத்தப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடி நகல் தளம் நடத்துகிறார்கள். அதனால் மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொடக்கூடாது, ஐஎஸ்எஸ்என் தளத்தின் வழியாகவோ பதிப்பகத்தின் வழியாகவோ உள்ளே போக வேண்டும். ஆசிரியர் குழுவில் உள்ள பேராசிரியரின் சொந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழின் பெயர் இருக்கிறதா? மூன்று நாளில் ஏற்பு தருகிறார்களா? பெரிய பெயரும் காப்பாற்றாது: 2021இல் ஹிந்தாவி பதிப்பகத்தை வாங்கிய வைலி பதிப்பகம், 2023இல் மட்டும் அதன் இதழ்களில் வந்த 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது.

“தவறு நடந்தால் இணையமே விரைவில் திருத்திவிடுகிறதே” என்று எதிரணி கேட்கலாம். ஆம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்து 1998இல் வந்த கட்டுரையைத் திரும்பப் பெற லான்செட் மருத்துவ இதழுக்கு 12 ஆண்டு ஆனது. கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து தருவது பற்றி 2020 மே 22 அன்று அதே இதழில் வந்த கட்டுரை ஜூன் 4ஆம் தேதியே திரும்பப் பெறப்பட்டது. இடையில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்துக்கான பகுதியை நிறுத்திவைக்கும் அளவுக்கு அது வேலை செய்துவிட்டது. திரும்பப் பெற்றபின்னும் அதை மேற்கோள் காட்டினார்கள். காரணம் எளிது: மே மாத இறுதியில் இறக்கி வைத்த பிடிஎஃப் கோப்பில் ஜூன் மாத முத்திரை தானாக வந்து விழாது. பென்டிரைவில் இருக்கும் பிரதி அப்படியே இருக்கும்.

ஆகவே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், துணைநூற்பட்டியலின் ஒவ்வொரு வரியையும் சோதிக்க வேண்டும். 10 என்று தொடங்கும் டிஓஐ என்ற கட்டுரை அடையாள எண்ணைத் திறந்தால் அதே தலைப்பு, அதே ஆசிரியர் வருகிறாரா? செயற்கை நுண்ணறிவு கொடுக்கும் மேற்கோளில் ஆசிரியர் மெய்யானவராக இருப்பார், தலைப்பு பொருத்தமாக இருக்கும், எண் வேறெங்கோ போகும் அல்லது எங்கும் போகாது. பிறகு ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெற்ற கட்டுரைகளின் தரவுத்தளத்தில் பார்க்க வேண்டும். மேற்கோள்களைத் தொகுக்கும் ஸொட்டேரோ மென்பொருளைப் பயன்படுத்தினால் திரும்பப் பெற்ற கட்டுரைக்கு அதுவே சிவப்புக் குறி காட்டும். இருநூறு மேற்கோள் உள்ள ஏட்டில் இதைப் பழக்கப்பட்ட கை செய்தாலும் முழு நாள் வேலை. ஏடு முடியும் பருவத்தில் ஒரு துறையிலிருந்தே எத்தனை ஏடுகள் வரும் என்று கணக்குப் பாருங்கள். பார்த்துவிட்டு, இந்த வேலையை யாரிடம் ஒப்படைக்கப் போகிறோம் என்று எதிரணியினர் தங்கள் அடுத்த பேச்சாளர் வாயிலாகச் சொல்லட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.