நீல எழுத்துக் கோடரியும் வெள்ளகோவில் அண்ணனும்

[திரையில்: லெவல் 31 போர்வீரன். முதுகில் லெவல் 20இல் கிடைத்த கோடரி.]

இந்தக் கணினி விளையாட்டில் இந்தக் கோடரியைப் பதினோரு லெவல்கள் சுமந்திருக்கிறேன். காரணம் ஒன்றுதான்: அதன் பெயர் நீல எழுத்தில் இருந்தது.

வணக்கம். பல்லடத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கும் சத்தம் பக்கத்து வீட்டு விசைத்தறி. அதை நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இணைய விளையாட்டு 2004இல் வந்தது. அதன் பழைய வடிவத்தையே மறுபடி தந்த ‘கிளாசிக்’ 2019 ஆகஸ்டில் வந்தது. அதில் லெவல் 60 வரை நடக்கிற நெடும்பாதையில், பழசாகிப்போன ஆயுதத்தை எப்போது கழற்றுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

பொருள்களுக்கு நிறம் உண்டு. சாம்பல், வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என்று தரம் ஏறும். ஆனால், இந்த வரிசை ஒரே லெவல் பொருள்களுக்குள்தான் செல்லும். லெவல் 20இன் நீலத்தை லெவல் 30இன் பச்சை சுலபமாக மிஞ்சிவிடும். எனக்கு இதைப் புரியவைத்தவர் எங்கள் கில்டில், அதாவது சேர்ந்து விளையாடும் குழுவில், இருக்கும் வெள்ளகோவில் அண்ணன்.

“ஏனுங்க தம்பி, அந்தக் கோடரியைப் பேரனுக்கு எடுத்து வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். “கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் கொம்புக்கு அடித்த வண்ணத்தைப் பார்த்தா விலை பேசுவோம்? பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டாமா?”

[திரையில்: இரண்டு இருகைக் கோடரிகளின் விவரங்கள், பக்கத்துப் பக்கமாக.]

பல் பார்ப்போம். என் நீலக் கோடரியின் ஓர் அடி தரும் சேதம் 44 முதல் 66, வேகம் 2.9, அதாவது 2.9 நொடிக்கு ஓர் அடி. சராசரி 55, அதை வேகத்தால் வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 19. பச்சைக் கோடரி 68 முதல் 102, வேகம் 3.4. சராசரி 85, வகுத்தால் நொடிக்கு 25. அதாவது ஒவ்வொரு சண்டையிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு பலத்தை நான் வேண்டாமென்று தள்ளியிருக்கிறேன். வேக எண் பெரிதாக இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். போர்வீரனின் உடனடி அடிகள் ஆயுதத்தின் சேதத்தை வைத்தே விழுகின்றன. மெதுவான கனத்த ஆயுதம்தான் அவனுக்கு லாபம்.

ஒரு கண்ணி இருக்கிறது. கோடரிக்குப் பதில் கதாயுதம் நன்றாக இருக்கிறதே என்று தாவினால், அந்த வகை ஆயுதத்தில் உங்கள் திறன் 1இலிருந்து தொடங்கும். உச்ச வரம்போ லெவலைப் போல ஐந்து மடங்கு. லெவல் 31க்கு 155. அந்த இடைவெளியை நிரப்பும்வரை அடி காற்றில்தான் போகும். நான் அரை மணி நேரம் ஒரு காட்டுப்பன்றியைச் சுற்றி வந்திருக்கிறேன்.

கவசத்துக்கு இத்தனை கவலை வேண்டாம். குவெஸ்டில், அதாவது விளையாட்டு தரும் பணிகளில், கிடைப்பதை மாட்டிக்கொண்டு போகலாம். பொருளின் பெயரில் ‘கரடி’ என்று இருந்தால் வலிமையும் உடலுறுதியும் சேரும், போர்வீரனுக்கு ஆகும், ‘கழுகு’ மந்திரவாதிகளுக்கு. ஏலக்கடையில் தங்கக் காசைக் கொட்டாதீர்கள். லெவல் 40இல் முதல் சவாரி விலங்குக்கும் பயிற்சிக்குமாக ஏறக்குறைய 100 தங்கம் தேவைப்படும். அதற்காக நான் மீன் பிடித்த கதை தனி வீடியோவுக்கே நீளும்.

[திரையில்: கில்டு சாசனம், கையெழுத்துகளோடு.]

கில்டு தொடங்க 10 வெள்ளிக் காசு கொடுத்துச் சாசனம் வாங்க வேண்டும். ஒன்பது பேர் கையெழுத்திட வேண்டும். எங்களுக்கு ஏழு பேர்தான் தேறினார்கள். மீதி இரண்டு கையெழுத்தை ஊர்வாசலில் நின்று ஆளுக்கு ஐந்து வெள்ளி கொடுத்து வாங்கினோம். இன்று சோமனூர், பெருந்துறை, பொள்ளாச்சி என்று ஆள் இருக்கிறது. வெள்ளகோவில் அண்ணனுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து இரவு பதினொன்றுக்குத்தான் வருவார்.

அண்ணன் சட்டை தம்பிக்கு ஆகும் என்பது வீட்டு வழக்கம். இங்கே அது நடக்காது. சில பொருள்கள் எடுத்த உடனே உங்களோடு ஒட்டிக்கொள்ளும். சில அணிந்தால் ஒட்டும். ஒட்டிய பிறகு கடைக்காரனிடம் விற்கலாம். மந்திரத் தொழில் தெரிந்திருந்தால் தூளாக உடைக்கலாம். தம்பிக்குத் தர முடியாது. ஆகவே கில்டில் கைமாறுவது இன்னும் யாரும் அணியாத பொருள்தான். ஒரு பச்சைக் கோடரி கிடைத்தால், மாட்டிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு “யாருக்கு வேண்டும்?” என்று கேட்பவர் இருக்கும் கில்டு நல்ல கில்டு. லெவல் 60 ஆள்களின் எண்ணிக்கையைப் பார்த்துச் சேராதீர்கள். உயர்ந்த லெவல்காரர் கூடவே வந்து அடித்துத் தந்தால் உங்களுக்குச் சேரும் அனுபவப் புள்ளியும் சரிந்துவிடும்.

[திரையில்: அஞ்சல் பெட்டி.]

கோடரியைப் பற்றிக் கேட்ட அன்று இரவு அண்ணன் விளையாட்டுக்குள் ஓர் அஞ்சல் அனுப்பியதாகச் சொன்னார். பொருள் போய்ச்சேர ஒரு மணி நேரம் ஆகும். நாற்பதாவது நிமிடத்தில் மின்சாரம் போனது; பக்கத்து வீட்டுத் தறியும் நின்றது. தறிச் சத்தம் திரும்பியதும் ஓடிப்போய்க் கணினியைப் போட்டேன். பெட்டியில் கோடரி இருந்தது. சேதம் 68 முதல் 102. கீழே ஒரு வரி:

“பல் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறேனுங்க.”