சில்லோடு பேசும் அடாப்டரும் ஓபன்ஓசிடியும்

வணக்கம். நுண்கட்டுப்படுத்திகளை வைத்து வேலை பழகும் மாணவர்களுக்கும் இளம் பொறியியலாளர்களுக்கும் அடிக்கடி தொல்லை தரும் விடயம் ஒன்றைப் பற்றி இன்று பேசுகிறேன். நிரலின் பிழை தேட உதவும் டீபக் அடாப்டர்களை இயக்கும் திறந்த மூல மென்பொருளை நிறுவுவதும் பயன்படுத்துவதும்தான் அது.

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் மின்னணுக் கடைகளைச் சுற்றி வருபவர்கள், விரல் நீள அலுமினியக் கூட்டுக்குள் யூஎஸ்பி முனையோடு வரும், எஸ்டி-லிங்க் என்ற டீபக் அடாப்டரின் நகல்களை அறிந்திருப்பார்கள். சில்லில் ஓடும் நிரலை நடுவழியில் நிறுத்தி, அதன் பதிவகங்களையும் நினைவகத்தையும் கணினியிலிருந்தே பார்க்க வழி செய்வது இத்தகைய அடாப்டரின் வேலை. இதற்குரிய பழைய நெறி ஜேடேக். சுற்றுப்பலகையின் பற்றாசு இணைப்புகள் சரியாக உள்ளனவா என்று சோதிப்பதற்காகப் பிறந்த அது, 1990இல் ஐஇஇஇ 1149.1 என்ற தரமாக வெளிவந்தது. அதற்குக் குறைந்தது 4 சைகைக் கம்பிகள் வேண்டும். ஆர்ம் நிறுவனத்தின் எஸ்டபிள்யூடி என்ற நெறி 2 கம்பிகளோடு அதே வேலையை முடித்துவிடுகிறது. தரைக் கம்பி தனி.

ஜெர்மனியின் அவுக்ஸ்பூர்க் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில் டொமினிக் ராத் தம் பட்ட ஆய்வுக்காகத் தொடங்கியதே ஓபன்ஓசிடி என்ற மென்பொருள். ஜிபிஎல் உரிமத்தில் வெளியாகும் அது இன்று எஸ்டி-லிங்க், ஜே-லிங்க், எஃப்டிடிஐ சில்லு பொருத்திய மலிவான பலகைகள், சிஎம்சிஸ்-டாப் வகையைச் சேர்ந்தவை எனப் பல அடாப்டர்களோடு ஒத்துழைக்கிறது. பைஓசிடி, புரோப்-ஆர்எஸ் என்ற இதே வகை மென்பொருள்களும் நல்லவையே. எனினும், கையில் அகப்பட்ட அடாப்டரையும் பழைய சில்லையும் வைத்து வேலை செய்ய வேண்டியவருக்கு நான் முதலில் சொல்வது ஓபன்ஓசிடியைத்தான்.

நிறுவுவது பெரிய வேலையன்று. உபுண்டுவிலோ டெபியனிலோ ‘சூடோ ஏப்ட் இன்ஸ்டால் ஓபன்ஓசிடி’ என்ற ஒரு வரி போதும். நிரலை நிறுத்தி ஆராய உதவும் ஜிடிபி என்ற மென்பொருளுக்காக, ஜிடிபி-மல்டிஆர்க் என்ற பொதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதியில் உள்ள பதிப்பு பழையதாக இருந்து, உங்கள் சில்லு புதியதாக இருந்தால் மட்டும் மூலநிரலைப் பெற்று நீங்களே தொகுக்க வேண்டிவரும். ராஸ்பெரி பை பிக்கோவின் ஆர்பி2040 சில்லுக்கு, 2023 ஜனவரியில் வெளியான 0.12 பதிப்போ அதற்குப் பிந்தியதோ வேண்டும். விண்டோஸில் எஃப்டிடிஐ அடாப்டர் வைத்திருப்பவர்கள் சாடிக் என்ற கருவியால் வின்யூஎஸ்பி டிரைவரை ஏற்ற வேண்டும். அடாப்டரின் எஃப்டிடிஐ சில்லில் இரண்டு தடங்கள் இருந்தால், டீபக் தடத்துக்கு மட்டும் அதை ஏற்றுங்கள். மற்றதற்கும் ஏற்றினால் தொடர் துறை கைவிட்டுப் போகும்.

நிறுவியபின் வேலை செய்யாவிட்டால், நம்மில் பலர் மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகிறோம். இது பெரும்பாலும் வீண் வேலை. ஓபன்ஓசிடி தொடங்கியதும் திரையில் அச்சிடும் முதற் சில வரிகளிலேயே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுகிறது. அவற்றை மேலிருந்து கீழாக, அவசரப்படாமல் படிக்க வேண்டும்.

‘லிப்யூஎஸ்பி எரர் அக்செஸ்’ என்று வந்தால், அடாப்டர் கணினிக்குத் தெரிகிறது, அதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று பொருள். உடனே சூடோ போட்டு நிர்வாகி உரிமையோடு ஓட்டும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. டெபியன் பொதி, சாதனத்தைத் திறக்கும் அனுமதியைத் தரும் யூடெவ் விதிக் கோப்பையும் தானே வைத்துவிடுவதால், அடாப்டரைக் கழற்றி மீண்டும் செருகினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மூலநிரலிலிருந்து தொகுத்தவர்கள், 60 என்ற எண்ணோடு தொடங்கும் அந்தக் கோப்பைத் தாமே உரிய இடத்தில் பிரதி செய்ய வேண்டும்.

அடுத்து, எஸ்டி-லிங்க் ஆனால் ‘டார்கெட் வோல்டேஜ்’ என்ற வரி வரும். அங்கே 3.2, 3.3 போன்ற எண் இருக்கிறது, ஆனாலும் சில்லோடு இணைய முடியவில்லை என்றால் கம்பிகளைப் பாருங்கள். நகல் எஸ்டி-லிங்கின் கூட்டில் அச்சிட்டுள்ள முனை வரிசையை அப்படியே நம்பக்கூடாது. ஒரே தோற்றமுள்ள இரண்டு கருவிகளில்கூட வரிசை மாறியிருக்கலாம். கூட்டை உருவி, உள்ளே பலகையிலேயே பொறித்திருப்பதைப் பார்ப்பதே பாதுகாப்பு. கம்பி நீளமாக இருந்தால் ‘அடாப்டர் ஸ்பீட் 100’ என்று வேகத்தை 100 கிலோஹேர்ட்ஸாகக் குறைத்துப் பாருங்கள்.

புளூ பில் என்ற சிறு பலகையில் இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. எஸ்டிஎம்32எஃப்103 சில்லு உள்ளது என்று விற்கப்படும் சில பலகைகளில் உண்மையில் இருப்பது வேறொரு நிறுவனத்தின் நகல் சில்லு. அதன் அடையாள எண் 1 என்று தொடங்க வேண்டிய இடத்தில் 2 என்று தொடங்குவதால், ‘அன்எக்ஸ்பெக்டட் ஐடிகோட்’ என்று ஓபன்ஓசிடி நின்றுவிடும். கட்டளை வரியில் சிபியூடேப்ஐடி என்ற மாறிக்கு அந்தப் புதிய எண்ணை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அது ஏற்றுக்கொள்ளும். ஆனால் வாங்கிய சரக்கு எதுவென்று நீங்கள் அறிந்துகொள்ளும் நேரமும் அதுவே. மற்றையது, நேற்றுவரை இணைந்த பலகை இன்று இணையாமற் போவது. ஏற்றிய நிரலே எஸ்டபிள்யூடி முனைகளை அணைத்துவிட்டிருக்கும். பூட்0 இணைப்பை 1 நிலைக்கு மாற்றி ரீசெட் செய்தால் அந்த நிரல் ஓடாது. அப்போது இணைந்து அதை அழித்துவிடலாம்.

எல்லாம் சரியானால் 3333ஆம் துறையில் ஜிடிபிக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி வரும். வேறொரு முனையத்தில் ஜிடிபியைத் திறந்து அந்தத் துறையோடு இணைத்து, ‘மானிட்டர் ரீசெட் ஹால்ட்’ என்றதும் சில்லு முதல் ஆணையிலேயே நின்றுவிடும். ஆர்மின் கோர்டெக்ஸ்-எம்3 செயலியில் நிரலை நிறுத்தும் வன்பொருட் புள்ளிகள் 6 மட்டுமே என்பதால், பிளாஷ் நினைவகத்தில் 7ஆவதை வைக்க முடியாது. வாட்ச்பாயின்ட் எனப்படும் காவற் புள்ளிகள் 4 உண்டு. அவற்றைத்தான் நம் மாணவர்கள் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு மாறியின் பெறுமானம் எங்கோ கெட்டுப்போகிறது, எங்கே என்று தெரியவில்லை என்னும்போது, நிரல் முழுவதும் அச்சு வரிகளைத் தூவாமல் அந்த மாறியின் பெயரோடு ‘வாட்ச்’ என்று ஒரு கட்டளை கொடுத்து ஓடவிடுங்கள். அந்த மாறியின் பெறுமானம் மாறிய இடத்தில், அதே வரியிலோ அடுத்த வரியிலோ, சில்லு நின்று, பழைய பெறுமானத்தையும் புதியதையும் ஜிடிபி காட்டும்.

நன்றி, வணக்கம்.