எல்லா ரத்தமும் மூலம் இல்லை

(செங்கோட்டையில் ஒரு ஞாயிறு மாலை பேசியது)

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். வெளிக்குப் போகிற விஷயத்தை மேடையில் பேசப்போகிறேன், முகம் சுளிக்காமல் கேளுங்கள், அந்தக் கூச்சத்தில்தான் என் அண்ணனைப் பெருங்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தேன்.

அண்ணன் லாரி டிரைவர். புளியரை, ஆரியங்காவு, புனலூர், கொல்லம் என்று இருபத்தைந்து வருஷம் லோடு ஏற்றிப் போனவர். மலத்தோடு ரத்தம் போனதை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை, நர்ஸாக இருந்த தங்கச்சி என்னிடம்கூட. எஞ்சின் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறோம், இது சூட்டு மூலம்தான் என்று அவரே முடிவு செய்து துத்திக்கீரை, மோர், சின்ன வெங்காயம், அப்புறம் 'மூலம் பவுத்திரம்' என்று சுவரில் எழுதிப்போட்டிருந்த ஓர் இடத்தில் மருந்து. அங்கே கையுறை மாட்டி விரல் விட்டுக்கூட யாரும் பார்க்கவில்லை. ஒருநாள் வீட்டுப் படி ஏறவே மூச்சு வாங்கியது, கடுமையான ரத்தசோகை, ஹீமோகுளோபின் 7. திருவனந்தபுரம் கொண்டுபோனபோது பெருங்குடலில் இருந்த கட்டி கல்லீரலுக்கும் போயிருந்தது. வயது 52.

அதற்கப்புறம் நான் கேட்டு வாங்கி எண்டோஸ்கோபி பிரிவுக்குப் போனேன், கேமரா வைத்த குழாயை விட்டு உடம்புக்குள்ளே பார்க்கிற இடம். இந்த நோய் பெரும்பாலும் பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சியாகத்தான் தொடங்கும். எல்லா பாலிப்பும் புற்றுநோய் ஆகாது, ஆகிறதுக்கும் பத்து வருஷம் போலப் பிடிக்கும். திரையில் பார்த்திருக்கிறேன், ஈரமான சிவந்த சுவரில் மொச்சைக்கொட்டை அளவு, காம்போடு தொங்கும். கம்பிச் சுருக்கை மாட்டி இறுக்கினால் அறுந்து வந்துவிடும், வயிற்றைக் கிழிக்க வேண்டாம். வரப்போகிற நோயை வருவதற்கு முன்னாலேயே எடுத்துப் போடுகிறோம், எத்தனை நோய்க்கு இப்படிச் செய்ய முடியும் சொல்லுங்கள்!

ஆசனவாய் வழியாக அந்தக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பதுதான் கொலனோஸ்கோபி. அந்தக் குழாய்க்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள், அரைமணி நேர வேலை. உண்மையான கஷ்டம் அதற்கு முன்னால், பவுடர் கலந்த தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்துக் குடலைக் கழுவுவது. அந்த ஒரு ராத்திரியைத் தாண்டினால் போதும், எல்லாம் நன்றாக இருந்தால் அடுத்த பத்து வருஷத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

அமெரிக்காவில் இந்தப் பரிசோதனையைத் தொடங்கும் வயதை 2021-இல் 50-லிருந்து 45 ஆக்கினார்கள். நம் அரசுத் திட்டத்தில் 30 வயது தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் இவற்றைப் பார்க்கிறார்கள், குடல் அதில் இல்லை. அதனால் நாமாகத்தான் கேட்க வேண்டும். கொலனோஸ்கோபிக்கு வசதியில்லை என்றால் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைப் பார்க்கிற டெஸ்ட் இருக்கிறது, வருஷம் ஒருதடவை, அதில் ரத்தம் தெரிந்தால் கட்டாயம் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் கண்ணுக்கே ரத்தம் தெரிகிறவர்கள், ஐம்பது தாண்டிக் காரணமில்லாமல் ரத்தசோகை வந்த ஆண்கள், வெளிக்குப் போகிற பழக்கம் வாரக்கணக்கில் மாறியவர்கள் இந்த டெஸ்டுக்கெல்லாம் காத்திருக்காமல் நேரே டாக்டரிடம் போங்கள். மூலமாகவே இருக்கட்டும், அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது வந்திருந்தால் 40 வயதிலேயே பார்க்க வேண்டும், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னால், இரண்டில் எது முந்தியோ அது. எனக்குப் பார்த்தாகிவிட்டது, இரண்டு பாலிப் எடுத்தார்கள். அண்ணன் மகனுக்கு வருகிற தையில் நாற்பது. பொங்கல் கழிந்த மறு வாரம் தேதி வாங்கியிருக்கிறோம், பவுடரை நான்தான் கலந்து கொடுக்கப்போகிறேன்.